இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று

மருந்துக்கடைக்காரி விரல் மடக்கிக் காட்டினாள்:
முதல் மூன்று நாள் ஆறு ஆறு,
பிறகு ஐந்து, அப்புறம் நான்கு, மூன்று, இரண்டு.
ஐந்தாம் நாள் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது.
"சிகரெட்டைச் சொன்னேன், மாத்திரையை அல்ல."

எதில் செய்தது என்று கேட்டேன்.
பொன்மழை மரத்து விதையில், என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
டிராம் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில்
அந்த மரத்தடியில்தான்
இருபத்தாறு வருடமாகப் புகை விடுகிறேன்.
மே மாதம் சரம் சரமாய் மஞ்சள் தொங்கும்.
விதையைத் தொடாதே, விஷம் என்று
பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவார்கள் தாய்மார்கள்,
என்னைப் பார்த்தாலும் அதே வேகம்.

ஒரு சுற்று போய்வர
ஒரு மணி ஐம்பது நிமிடம்.
மாத்திரைக்கோ இரண்டு மணி.
நாள் முழுக்க அந்தப் பத்து நிமிடம் உதைத்தது.
சந்தைக்கு முன் சிவப்பு விளக்கில்
தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.
வாயில் பித்தளைச் சுவை.

மூன்றாம் இரவு கனவில் என் டிராம்
தண்டவாளத்தை விட்டு விட்டோஷா மலை ஏறியது.
அதிசயம், பயணிகள் எல்லோரும்
டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள்
பாக்கெட்டைத் திறந்தேன், மூடினேன்,
பசியில்லாதவன் பானையை எட்டிப் பார்ப்பதுபோல.
அப்போதுதான் உறைத்தது:
கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஆறு நிமிடம் இருக்கிறது.
ஒரு சிகரெட்டின் நீளம் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
கண்ணாடி துடைத்தேன். கைப்பிடி துடைத்தேன்.
இன்னும் நான்கு மிச்சம்.

எதிர்த் தடத்து லச்செஸார் நெருப்புக் கேட்டு வந்தான்.
பதினோரு வருடமாக
என் லைட்டரில்தான் பற்றவைக்கிறான்.
அவன் மனைவி வீட்டைவிட்டுப் போன வாரம்கூட
நாங்கள் பேசவில்லை,
புகையைப் பேசவிட்டோம்.
வைத்துக்கொள், என்றேன்.
செத்தவர் பொருளை வாங்குவதுபோல்
இரண்டு கையாலும் வாங்கினான்.
மறுநாள் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.
எனக்காகத்தான்.
தெரிந்தும் வலித்தது.

இருமல் கூடியது,
வீடு காலி செய்கிறவன்
பீரோவை இழுக்கும் சத்தம்.
ஒரு விடியற்காலை, நாலரை மணிக்கு,
பணிமனைக்குள் ஈரக் கம்பளி நாறியது,
பிரேக் மணல், யாரோ கொண்டுவந்த ரொட்டி,
எல்லாவற்றுக்கும் மேலே என் கோட்டு.
இத்தனை பேர் பக்கத்தில்
இதைப் போட்டுக்கொண்டா உட்கார்ந்திருந்தேன்?

பதினான்காம் நாள் ஒன்று பிடித்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது.
வார்னாவிலிருந்து மகன் போன் செய்தான், பணம்தான்.
போனை வைத்த கையோடு
யாரிடமோ ஒன்று வாங்கி இழுத்தேன்.
உள்ளே யாரும் எழுந்து வரவில்லை.
நம் வீட்டுக் கதவு, நம் சாவி,
ஆனால் பூட்டுக்குள் ஏற்கெனவே
வேறொரு சாவி நிற்கிறது.
பாதியில் மிதித்தேன். அழுதேன்.
தோற்றதற்கா, ருசி செத்ததற்கா,
இன்றும் தெரியாது.

மருந்துக்கடைக்காரி பதறவில்லை.
"நாளைக்கு எத்தனை?"
"நான்கு."
"அப்போ நான்கு."

இருபத்தைந்து நாள் முடிந்து
அட்டையில் இரண்டு மிச்சம்.
எந்தப் பகலில் மறந்தேன்,
எந்த இரண்டு மணி நேரம்
என்னிடம் சொல்லாமல் போனது, நினைவில்லை.

நேற்று லச்செஸார்
மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தான்.
"நெதியல்கா, அந்த இரண்டைக் கொடேன்."
"இரண்டு எந்த மூலைக்கு?"
"நாலு மணி நேரத்துக்கு."
கடைக்குப் போ, முழுசாக வாங்கு என்று திட்டினேன்.
திட்டியதில் ஆறு நிமிடமும் போய்விட்டது.
மணி அடித்துக் கிளம்பினேன்.
பக்கக் கண்ணாடியில்
என் பழைய லைட்டரைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்,
பற்றவைத்தானா என்று பார்ப்பதற்குள்
வளைவு வந்துவிட்டது.